டிராயரில் தூங்கும் கைப்பட்டையை மறுபடியும் எரிய வைப்போம்



2023 நவம்பர் 22-ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் கோல்ட்பிளே குழுவின் நிகழ்ச்சி நடந்தது. 2024 மார்ச்சில் சிங்கப்பூர் தேசிய அரங்கில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு பாடினார். ரெண்டு இடத்திலும் வந்தவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கைப்பட்டை. பாட்டு மாறினால் பட்டையின் நிறமும் மாறும். சிவப்பு அலை ஒன்று அரங்கின் ஒரு பக்கம் கிளம்பி மறுபக்கம் போய்ச் சேரும். நேரில் போகாதவர்கள்கூட காணொளியில் பார்த்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பட்டை எரியாது. கெட்டுப்போச்சு என்று டிராயரில் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது கெட்டுப்போகவில்லை. அதனிடம் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். அதன் மொழி கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அந்த மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடம்.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சொந்த ஊர் பாடாங் செராய். போன பள்ளி விடுமுறையில் எங்கள் கோயில் மண்டபத்தில், படிவம் 3 முதல் 5 வரை படிக்கும் ஒன்பது பேரோடு மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்தோம். சிங்கப்பூர் நிகழ்ச்சிக்குப் போன பல்கலைக்கழக சீனியர்கள் 12 பட்டை கொடுத்தார்கள். நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் கிளையிலும் செய்யலாம்.

இது நமக்கு எதுக்கு?

நம் ஊருக்குப் பக்கத்தில் கூலிம் ஹை-டெக் பார்க் இருக்கிறது. 1996-இல் திறந்தது. 2017-இல் ஆஸ்ராம் நிறுவனம் அங்கே எல்இடி சிப் தொழிற்சாலையைத் திறந்தது. நம் வீட்டு அம்மாக்களும் அக்காக்களும் அண்ணன்களும் தினமும் தொழிற்சாலை பஸ் ஏறி அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறார்கள். உலகத்துக்கே விளக்கு செய்யும் இடம் பக்கத்தில் இருந்தும், எல்இடி என்றால் கடையில் வாங்கும் பொருள் என்றே நாம் நினைக்கிறோம். எப்படி வேலை செய்யுது என்று வீட்டில் பேசுவதில்லை. இந்தக் கைப்பட்டை பேச்சைத் தொடங்க ஒரு நல்ல சாக்கு.

பட்டைக்குள் என்ன இருக்கு?

திறந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பட்டன் பேட்டரி, சின்ன சர்க்கிட் போர்டு, சிவப்பு பச்சை நீலம் சேர்ந்த எல்இடி, ஒரு சின்ன கம்ப்யூட்டர் சிப், கறுப்பு நிறத்தில் ஒரு அகச்சிவப்பு ரிசீவர். சில மாடல்களில் தகவல் சேமிக்கத் தனியாக ஒரு மெமரி சிப்பும் உண்டு. இதில் புளூடூத்தும் கிடையாது, வைஃபையும் கிடையாது.

இப்படிப்பட்ட பட்டைகளைச் செய்வதில் பெயர் பெற்றது கனடாவின் மொன்ட்ரியால் நகரில் உள்ள பிக்ஸ்மோப் நிறுவனம். 2014-இல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்ட இடைவேளையில் ரசிகர்கள் தலையில் குல்லா மாட்டிவிட்டு மொத்தக் கூட்டத்தையும் ஒரு பெரிய திரையாக்கியது இவர்கள்தான். அதற்கு முன்பே, 2012-இல், கோல்ட்பிளே குழு ஸைலோபேண்ட் என்ற இன்னொரு வகைப் பட்டையைப் பயன்படுத்தியது. அது வானொலி அலையில் இயங்குவது. நம் பாடம் அகச்சிவப்புப் பட்டைக்கு மட்டும்.

அரங்கத்தில் எப்படி வேலை செய்யுது?

வகுப்பில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இது: "அண்ணே, நான் எந்த சீட்ல உக்காந்திருக்கேன்னு பட்டைக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. இருட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் படும் இடம் மட்டும்தானே தெரியும்? அதே கதைதான். கூரையிலும் மேடையிலும் பெரிய அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். அவை "சிவப்பாக எரி" என்ற கட்டளையை வெளிச்சமாக வீசும். வெளிச்சம் பட்ட பட்டைகள் சிவப்பாகும். விளக்கு மெதுவாகத் திரும்பினால் சிவப்பு அலை ஓடுவது மாதிரி தெரியும். பட்டை நகரவில்லை, கட்டளைதான் நகர்கிறது.

கூட்டத்தில் உறுமியின் தாளம்

அகச்சிவப்பு ஒளியை வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அது சூடு காட்டியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெயில், குண்டு பல்பு, நம் உடம்பு எல்லாமே அகச்சிவப்பை வெளியிடுகின்றன. இத்தனை சத்தத்தில் கட்டளை எது என்று ரிசீவர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி, வியாபாரிகள் கூச்சல், பட்டாசு எல்லாம் சேர்ந்து கேட்கும். ஆனாலும் உறுமி மேளம் எங்கே அடிக்குது என்று நம் காது பிரித்துவிடும். காரணம் அதன் தாளம். அகச்சிவப்புக் கட்டளைக்கும் தாளம் உண்டு. விளக்கு விநாடிக்கு 38,000 தடவை மின்னி மின்னி எரியும். இதை 38 கிலோஹெர்ட்ஸ் என்கிறோம். ரிசீவர் அந்தத் தாளத்துக்கு மட்டும்தான் காது கொடுக்கும். வெயிலுக்குத் தாளம் இல்லை, அதனால் ஒதுக்கிவிடும்.

ஒரு மின்னலுக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 1-ஐ 38,000-ஆல் வகுத்தால் சுமார் 26 மைக்ரோ விநாடி.

முதல் சனிக்கிழமை: கேட்பது

நேராகப் பட்டைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டு டிவி ரிமோட்டை எடுங்கள். அதுவும் பட்டையின் சொந்தக்காரன்தான்.

ரிமோட் பட்டனை அழுத்தி, கைபேசியின் முன்பக்கக் கேமராவில் அதன் முனையைப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத விளக்கு கேமராவில் ஊதாவாக மின்னும். பின்பக்கக் கேமராவில் வடிகட்டி இருக்கலாம், அதனால் முன்பக்கத்தில் பாருங்கள். எங்கள் வகுப்பில் பத்து நிமிடம் வேறு எதுவும் நடக்கவில்லை. ஆளுக்கு ஒரு ரிமோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்து ஆர்டுயினோ ஊனோ போர்டு, 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் ஒன்று. விஎஸ்1838பி வகை எளிதில் கிடைக்கும். அதற்கு மூன்று கால்: சிக்னல், கிரவுண்ட், 5 வோல்ட். சிக்னல் கால் போர்டின் 2-ஆம் பின்னுக்குப் போகும். கால் வரிசை மாடலுக்கு மாடல் மாறலாம், எனவே வாங்கிய கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஐஆர்ரிமோட் என்ற இலவச லைப்ரரியில் வரும் மாதிரிப் புரோகிராமை ஏற்றி, ரிமோட்டை அழுத்தினால் திரையில் எண்கள் ஓடும்.

அந்த எண்கள் என்ன? வெளிச்சம் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு நேரம் இல்லை என்ற கணக்கு. நிறைய ரிமோட்டுகள் என்இசி என்ற முறையில் பேசும். அதில் முதலில் 9,000 மைக்ரோ விநாடி வெளிச்சம், பிறகு 4,500 மைக்ரோ விநாடி இருட்டு. அது "கவனி" என்று சொல்வது. பிறகு குட்டி வெளிச்சங்கள். அவற்றுக்கு இடையில் இருட்டு குட்டையாக இருந்தால் 0, நீளமாக இருந்தால் 1. இப்படி 32 பிட் வரும். வால்யூம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் பதிவு செய்து, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, மாறுகிற இடத்தில் கோடு போடுங்கள். இந்தப் பழக்கம்தான் பிறகு கைகொடுக்கும்.

இரண்டாம் சனிக்கிழமை: பேசுவது

இப்போது நாம் அனுப்ப வேண்டும். தேவை 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி ஒன்றும் ரெசிஸ்டர் ஒன்றும். எந்த ரெசிஸ்டர் என்று கடைக்காரரைக் கேட்காமல் ஓம் விதியைக் கேளுங்கள்.

போர்டு தருவது 5 வோல்ட். எல்இடி எடுத்துக்கொள்வது சுமார் 1.3 வோல்ட். மிச்சம் 3.7 வோல்ட். போர்டின் பின்னில் 20 மில்லிஆம்பியர் எடுப்பது பாதுகாப்பானது. 3.7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 185 ஓம். அதற்கு மேலே கடையில் சுலபமாகக் கிடைப்பது 220 ஓம். அதைப் போட்டால் சுமார் 17 மில்லிஆம்பியர் ஓடும். போதும். படிவம் 5 பௌதிகம் படிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டினார்கள். பரீட்சைக்கு மட்டும் பயன்பட்ட சூத்திரம் ஒரு சாமான் வாங்கவும் பயன்படுது என்று பார்த்ததில் அவர்களுக்கே சந்தோஷம்.

3-ஆம் பின்னிலிருந்து 220 ஓம், அங்கிருந்து எல்இடியின் நீண்ட கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. முதல் சனிக்கிழமை பதிவு செய்த வால்யூம் கட்டளையைத் திருப்பி அனுப்புங்கள். மண்டபத்து டிவியில் சத்தம் கூடினால் சர்க்கிட் சரி. கூடவில்லை என்றால் கைபேசிக் கேமராவில் எல்இடி மின்னுதா என்று முதலில் பாருங்கள்.

ஏன் பக்கத்தில் மட்டும் வேலை செய்யுது என்றும் கேட்பார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அதனால்தான் அரங்கத்தில் அவ்வளவு பெரிய விளக்கு வேண்டியிருக்கு. மண்டபத்துக்கு நம்முடையது போதும்.

மூன்றாம் சனிக்கிழமை: பட்டையின் மொழி

அரங்கத்துக் கட்டளைகள் நமக்கு எங்கே கிடைக்கும்? சில ஆர்வலர்கள் நிகழ்ச்சிகளில் அந்த வெளிச்சத்தைப் பதிவு செய்து, பட்டையின் மெமரியையும் படித்து, கண்டதை எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறார்கள். அதில் உள்ள எண் வரிசையைத்தான் நாம் அனுப்புகிறோம். இங்கேயும் 38 கிலோஹெர்ட்ஸ்தான். நேரங்கள் சுமார் 700 மைக்ரோ விநாடியின் மடங்குகளாக வரும்.

பட்டையில் புது பேட்டரி போட்டு, ஓர் அடி தூரத்தில் வைத்து, சிவப்புக் கட்டளையை அனுப்பினோம். எரிந்தது. மண்டபத்துப் பாட்டிகள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரே சத்தம்.

நிஜமான பாடம் அதற்குப் பிறகுதான். சிவப்பு, பச்சை ரெண்டு கட்டளையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, டிவி ரிமோட்டுக்குச் செய்த மாதிரி கோடு போட்டோம். ஆர்வலர்கள் கண்டுபிடித்ததோடு ஒப்பிட்டோம். கட்டளைக்குள் இருப்பவை இவை:

- பச்சை, சிவப்பு, நீலம் எவ்வளவு என்ற அளவு. ஒவ்வொன்றுக்கும் 6 பிட், அதாவது 64 படி.
- எவ்வளவு மெதுவாக எரிய ஆரம்பிக்கணும், எவ்வளவு நேரம் நிற்கணும், எவ்வளவு மெதுவாக அணையணும்.
- வாய்ப்பு. இதுதான் எனக்குப் பிடித்தது. "பத்தில் ஒரு பங்கு பேர் மட்டும் எரியுங்க" என்று சொன்னால் ஒவ்வொரு பட்டையும் தனக்குள் ஒரு பகடையை உருட்டிப் பார்க்கும். விழுந்தால் எரியும். அரங்கம் முழுக்க நட்சத்திரம் மாதிரி மினுக்குவது இப்படித்தான்.
- எந்தக் குழுவுக்கு இந்தக் கட்டளை என்ற எண்.
- ஒரு சரிபார்ப்பு எண்.

சரிபார்ப்பு எண் எதற்கு? மளிகைக் கடை பில்லில் யாராவது ஒரு விலையை மட்டும் திருத்தினால், அடியில் உள்ள மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா? அதே வேலைதான். கணக்குப் போடும் முறை கூட்டலைவிடக் கொஞ்சம் சிக்கலானது. நிறத்தை மட்டும் மாற்றி, சரிபார்ப்பு எண்ணை மாற்றாமல் அனுப்பினால் பட்டை கண்டுகொள்ளாது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டு அனுப்பினால்தான் நாம் கேட்ட மஞ்சள் வரும்.

இன்னொரு நுட்பம். 6 பிட் தகவலை அப்படியே அனுப்பாமல் 8 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். நீண்ட நேரம் இருட்டே வந்தால் "எத்தனை பிட் போச்சு" என்று பட்டை கணக்கை விட்டுவிடும். 8 பிட்டாக்கும்போது நடுநடுவே வெளிச்சம் வரும்படி வரிசைகளைத் தேர்ந்தெடுக்கலாம். தாளம் தவறாமல் இருக்க நடுவில் தட்டிக்கொடுப்பது மாதிரி.

"ரீபுரோகிராம்" என்ற சொல்லையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பட்டையின் மூளையில் உள்ள புரோகிராமை நாம் தொடவில்லை. நாம் கட்டளை மட்டும்தான் அனுப்புகிறோம். சில மாடல்களில் குழு எண் மாதிரி சில தகவல்களை அதன் மெமரியில் மாற்றி எழுதலாம். எங்கள் 12-இல் அந்த மாதிரிப் பட்டைகளை ரெண்டு குழுவாகப் பிரித்தோம். விடுமுறை கடைசி நாள் கோலாட்டத்தில் உள் வட்டம் மஞ்சள், வெளி வட்டம் பச்சை. அதற்கு முன்னால் யாரும் கோலாட்டத்துக்கு அவ்வளவு ஆர்வமாக ஒத்திகைக்கு வந்ததில்லை.

எல்லா மாடலும் ஒரே மொழி பேசாது. புது மாடல்களில் சில வானொலி அலையில் இயங்கும். எரியாவிட்டால் கேமரா, பேட்டரி, தூரம், மாடல் என்ற வரிசையில் சோதியுங்கள்.

எரியாத இரண்டு பட்டை

புது பேட்டரி போட்டும் ரெண்டு பட்டை எரியவே இல்லை. அன்று ஒரு பையனை அழைத்துப்போக அவன் அம்மா வந்தார். வேலை முடிந்து நேராக வந்ததால் தொழிற்சாலைச் சீருடையிலேயே இருந்தார். வாசலில் நின்று பார்த்தவர், "குடுங்க தம்பி, பாக்கலாம்" என்று ஒரு பட்டையை வாங்கினார். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி, போர்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தா, எல்இடிக்குப் பக்கத்துல சோல்டர் விட்டுப்போச்சு. வெளிச்சம் படுறப்போ கோடு மாதிரி தெரியுது பாருங்க."

தொட்டு ஒட்டினோம், எரிந்தது. இன்னொன்றைப் பார்த்து, "இது சிப்பே போச்சு, விட்டுடுங்க" என்றார். பிறகு பதினைந்து நிமிடம் அவர்தான் வகுப்பு எடுத்தார். சிப்பை ஏன் வெறும் கையால் தொடக்கூடாது, உடம்பில் சேரும் நிலைமின்சாரம் எப்படி அதைக் கொல்லும், அதற்காக அவர்கள் கையிலும் ஒரு பட்டை கட்டி ஒயரை நிலத்தோடு இணைப்பார்கள் என்றெல்லாம் சொன்னார். அவர் மகன் வாயே திறக்கவில்லை. அம்மா "பேக்டரிக்குப் போறாங்க" என்று மட்டும்தான் அவனுக்கு அதுவரை தெரியும். போகும்போது அவரது பையை அவனே தூக்கிக்கொண்டு, ஏதோ கேட்டுக்கொண்டே போனான்.

நீங்கள் இதைச் செய்யும்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரையாவது அழையுங்கள். நம் வட்டாரத்தில் ஆள் தேட வேண்டியதில்லை.

செய்யலாம், செய்யக்கூடாது

படிவம் 4 தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, இதை ஸ்டேடியத்துக்கே கொண்டு போனா, மத்தவங்க பேண்டும் நாம சொல்றதைக் கேக்குமா?"

நல்ல கேள்வி. பக்கத்தில் உள்ள சில பட்டைகள் கேட்கலாம். பட்டைக்கு யார் பேசுறாங்க என்று தெரியாது, மொழி சரியாக இருந்தால் கீழ்ப்படியும். அதனால்தான் செய்யக்கூடாது. அந்த இரவுக்காகக் காசு சேர்த்து வந்தவர்களின் சந்தோஷத்தில் நாம் கைவைக்க உரிமை இல்லை. ஒரு பூட்டு திறக்கும் என்று தெரிவது வேறு, அடுத்த வீட்டுக்குள் போவது வேறு.

அடுத்தது, பட்டை யாருடையது? கோல்ட்பிளே சுற்றுப்பயணத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் பட்டையைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அடுத்த ஊரில் மறுபடியும் பயன்படுத்துவதற்காக. அதைச் சட்டைப்பைக்குள் போட்டு வந்து "மறுபயனீடு" என்று பாடம் நடத்த முடியாது. இயமங்களில் அஸ்தேயம் என்று சமய வகுப்பில் படிக்கிறோமே, திருக்குறளில் கள்ளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கே, அது இந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும். வைத்துக்கொள்ளக் கொடுத்த பட்டையில் மட்டும் செய்யுங்கள்.

மூன்றாவது, பட்டன் பேட்டரி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மிகக் கவனம். லித்தியம் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய பேட்டரியின் ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

கிளையில் செய்து பார்க்க

1. 38 கிலோஹெர்ட்ஸ் தாளத்தில் 700 மைக்ரோ விநாடிக்குள் எத்தனை மின்னல் வரும்? கணக்கிடுங்கள்.
2. எல்இடிக்கு 100 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால் போர்டின் பின்னால் நேரடியாகத் தர முடியாது. டிரான்சிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்து, ரெசிஸ்டரை மறுபடி கணக்கிடுங்கள். டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
3. 64 படி சிவப்பு, 64 பச்சை, 64 நீலம். மொத்தம் எத்தனை நிறக் கலவை?

பேசிப் பார்க்க

1. ஒரு பொருளைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை உண்டா? எங்கே அந்த உரிமை முடிகிறது?
2. ஒரே இரவு பயன்படும் பொருளை நம் கோயில் விழாவிலும் வாங்குகிறோமா? எது, எத்தனை?
3. உங்கள் வீட்டில் தொழிற்சாலைக்குப் போகிறவர் அங்கே என்ன வேலை செய்கிறார்? அடுத்த கூட்டத்துக்கு வரும் முன் கேட்டுவிட்டு வாருங்கள்.